பால்ரஸ் குண்டு

ஒரே ஒரு நட்டுதான். இந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்து மூடி முழுவதையும் நடுவில் இருக்கிற இந்த ஒற்றை நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைக் கழற்றினால் கிளட்ச் தெரிந்துவிடும், கிளட்ச் தெரிந்தால் தன் அப்பா எப்படிச் செத்தார் என்பதும் தெரிந்துவிடும் என்று பெர்சிஸ் நினைக்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன் போலிருக்கிறது, இல்லையென்றால் ஸ்பானரை மாட்டிவிட்டுக் கையைத் திருப்பாமல் போர்ட்டிகோத் தரையில் இவ்வளவு நேரம் ஏன் குந்தியிருக்கிறேன். திருப்பு ஹெப்சி, திருப்பு. மகள் ஜங்ஷனுக்குப் போய் மூடிக்கு வைக்கிற பேக்கிங்கும் ஆயிலும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் திறந்து பார்த்துவிட வேண்டும், என் கண்தான் முதலில் பார்க்க வேண்டும். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றவளிடம், வேண்டாம், நானே திறக்கிறேன் என்றபோது என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்கு என்னம்மா தெரியும்?" என்றாள். எனக்கு என்ன தெரியாது. கல்யாணமான புதிதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் இந்த வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அற்புதராஜ் கையை நீட்டினால் கேட்காமலே சரியான ஸ்பானரை எடுத்து வைத்தவள் நான். மற்ற நாளெல்லாம் பல் டாக்டரம்மாவிடம் உதவியாள், அங்கேயும் இதே வேலைதான், டாக்டரம்மா கையை நீட்டுவார், நான் கொடுப்பேன். ஆயுசு முழுக்க அடுத்தவர் கையில் எடுத்துக் கொடுத்தே பழகிவிட்டது, அதனால்தான் இந்தக் கை தானாகத் திருப்பமாட்டேன் என்கிறதோ என்னவோ. திறக்கிற வரைக்கும்தான் பயம், திறந்துவிட்டால் அது வெறும் வேலை என்பார் டாக்டரம்மா. அது அவருக்கு. நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கிறவர்களை யாரும் கேட்பதில்லை.

அடியில் தட்டு இருக்கிறது, கேக் சுடுகிற பழைய தட்டு, அதில் எப்போதும் கொஞ்சம் ஆயில். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி திரும்பி வந்த நாளிலிருந்து ஒழுகுகிறது. ஒர்க் ஷாப்பில் ஹேண்டில்பாரை நிமிர்த்தினார்கள், ஹெட்லைட்டை மாற்றினார்கள், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். என் தம்பி தள்ளிக்கொண்டு வந்து இந்த இடத்தில் நிறுத்தினான், அவ்வளவுதான், அப்புறம் யாரும் தொடவில்லை. நான் மட்டும் ஆயில் ஊற்றினேன். ஒழுக ஒழுக ஊற்றினேன். ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் என்று கேட்டால், வற்றவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான். தட்டையும் மீறித் தரையில் கறை. சோப்புத் தூளும் சோடாவும் போட்டுத் தேய்த்தால் போய்விடும், ரெண்டு வாரத்தில் அதே இடத்தில் அதே வடிவத்தில் வந்து நிற்கும், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்த மாதிரி. அப்படி எனக்குத் தோன்றுகிறது. பெர்சிஸுக்கு அது இலங்கை வரைபடம். ஒழுகுகிறதே என்று இந்த நட்டை இறுக்கக் கூடாது, எல்லாரும் செய்கிற தப்பு அது, இறுக்க இறுக்க மூடி நெளிந்து ஓரத்தில் இன்னும் ஒழுகும் என்பார் அற்புதராஜ். அவரை நான் அப்படித்தான் இறுக்கினேன். அவர் வேலை பார்த்த மில் மூடின பிறகு. என்ன யோசனை, ஏன் பேசமாட்டேங்கிறீங்க, என்ன யோசனை, சாப்பிடும்போது, படுக்கும்போது, ஜெபம் பண்ணி முடித்த கையோடு. ஒன்றுமில்லை என்பார். ஒன்றுமில்லாதவர் எதற்கு நாள் முழுக்க இந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் லீவரை அழுத்தி அழுத்தி விட வேண்டும். அடுக்களையில் நிற்கிற எனக்குக் கேட்கும், டக், கொஞ்சம் கழித்து டக். நேற்றுச் சாயங்காலமும் கேட்டது. கையில் இருந்த டம்ளரைப் போட்டுவிட்டேன். ஓடிவந்து பார்த்தால் பெர்சிஸ் அதே முக்காலியில் அதே கூன் முதுகோடு உட்கார்ந்து லீவரை அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

திருப்பிவிட்டேன். எப்போது திருப்பினேன் என்று தெரியவில்லை, அவள் முதுகை நினைத்தபோது கை தானாகத் திருப்பிவிட்டது. மூடி விலகினதும் ஆயில் கறுப்பாக இறங்குகிறது, தட்டு நிறைகிறது, வாசனை வருகிறது, வாசனையோடு அவரும் வந்துவிடுகிறார், முகம் இல்லாமல் கழுத்தும் பனியனும் மட்டும். இந்த மூடியைக் கடைசியாகத் திறந்தது அவர்தான். அது ஒரு சனிக்கிழமை. கிளட்ச் சரியாக விடவில்லை என்று அன்றைக்குத்தான் முழுசாகக் கழற்றி மாட்டினார். மறுநாள் நானும் பெர்சிஸும் கோயிலுக்குக் கிளம்பும்போது, "நீங்க போங்க, நான் வண்டிய ஒரு ரவுண்டு பாத்துட்டு வாரேன். மத்தியானத்துக்குச் சொதி வையி ஹெப்சி, வந்துருதேன்" என்றார். சொதி கேட்டார். மாசக்கணக்கில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போன மனுஷன் வாயைத் திறந்து தேங்காய்ப்பால் சொதி கேட்டார். இஞ்சிப் பச்சடியும் வேணுமா என்றேன், அது இல்லாம எப்படி என்றார். சாகப் போகிறவன் இஞ்சிப் பச்சடி கேட்பானா. கேட்கமாட்டான். அப்படியென்றால் மோதிரம்? கிளட்ச் வேலைக்கு முன்னால் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சோப்பு டப்பாவில் வைப்பார், கை கழுவினதும் முதல் வேலையாக எடுத்துப் போட்டுக்கொள்வார், ஒரு நாளும் தவறினதில்லை. அன்றைக்குச் சாயங்காலம், எல்லாம் முடிந்து வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, கை கழுவப் போனேன், சோப்பு டப்பாவில் மோதிரம் இருந்தது. மறந்துவிட்டாரா, வைத்துவிட்டுப் போனாரா. சொதியைத் தராசின் ஒரு தட்டிலும் மோதிரத்தை ஒரு தட்டிலும் வைத்துத் தூக்கிக்கொண்டேதான் இத்தனை வருஷமும் நடக்கிறேன், ஒரு நாள் இது தாழும், ஒரு நாள் அது. மோதிரம் பற்றிப் பெர்சிஸுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

வண்டி நின்ற இடம் பைபாஸ் சந்திப்பு. நம் தெருவிலிருந்து போகிற ரோடு நாலுவழிச் சாலையில் முட்டுகிற இடம், சிக்னல் கிடையாது, நின்று பார்த்துத்தான் தாண்ட வேண்டும். அவர் நின்றார். நின்றதை அங்கே கடை வைத்திருந்த ரெண்டு பேருமே பார்த்திருக்கிறார்கள். முதல் கியரில் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார், இந்த வண்டியில் நிற்கும்போது நியூட்ரல் லேசில் விழாது என்பதால் அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். லாரி வந்தது. வண்டி முன்னால் போனது. பஞ்சர் கடைக்காரர் சொன்னார், "வண்டி துள்ளுச்சுக்கா, சார் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தாவ, அதுவாத் துள்ளுச்சு." இளநீர்க்காரர் சொன்னார், "துள்ளல தாயி. நிதானமாத்தான் போனாவ." நிதானமாக. இந்த ஒரு சொல் மட்டும் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி இருக்கிறது, நாக்கு போய்ப் போய் அங்கேயே நிற்கிறது. அவர் எதைத்தான் நிதானமாகச் செய்யவில்லை, சவரம் பண்ணுவது நிதானம், செருப்பு மாட்டுவது நிதானம், கோயிலில் காணிக்கைப் பை வந்தால் பைக்குள் கையை விட்டு எடுப்பதற்குள் அடுத்த வரிசை ஆள் இருமுவார். அப்படிப்பட்டவர் ரோட்டைத் தாண்டினாலும் நிதானமாகத்தானே தாண்டுவார். தாண்டினாரா, போனாரா. சபை ஐயர் விபத்து என்றுதான் ஜெபித்தார், விபத்து என்றுதான் அடக்கம் நடந்தது, கல்லறைத் தோட்டத்தில் நல்ல இடம்தான் கொடுத்தார்கள். ஆனாலும் என் நாத்தனார் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று என் காதுக்குள் கேட்டாள், "எங்கண்ணன் உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா ஹெப்சி?" அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டாம் வகுப்பு யூனிபார்மில் நின்ற பெர்சிஸ் அதைக் கேட்டுவிட்டாள். கேட்டாள் என்பது எனக்குத் தெரியும், கையில் ஒரு இறுக்கம் வந்தது, இப்போதும் அந்த விரல்கள் என் கையில் இருக்கின்றன.

அந்த விரல்களோடு அவள் வளர்ந்து, படித்து, சென்னையில் வேலைக்குப் போய், போன மாசம் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறாள். எத்தனை நாள் லீவு என்றால் தெரியவில்லை என்கிறாள். சாப்பாட்டைப் பிசைகிறாள், எழுந்துவிடுகிறாள். என்னட்டி ஆச்சு என்றால் ஒன்றுமில்லை. அதே ஒன்றுமில்லை, அதே குரல்கூட. இந்தத் தடவை நான் இறுக்கவில்லை. பக்கத்தில் சும்மா இருந்தேன். டாக்டரிடம் போவோமா என்று ஒரு தடவைதான் கேட்டேன், பார்ப்போம் என்றாள். அப்புறம் ஒரு நாள் தானாக வண்டியைத் துடைத்தாள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாள், பிளக் மாற்றினாள், எஞ்சினை ஓட வைத்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு நாய்கூடக் குரைக்கவில்லை. ஆனால் கியர் போட்டதும் லீவரைப் பிடித்திருக்கும்போதே வண்டி துள்ளி அணைந்தது. அவள் முகம் மாறிப்போயிற்று. "துள்ளுது பாத்தியாம்மா? பிடிச்சுக்கிட்டுதான இருக்கேன், துள்ளுது பாத்தியா?" எனக்குத் தெரியும், வருஷக்கணக்காகச் சும்மா நின்றால் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எந்தப் பழைய வண்டியும் துள்ளும், அதற்கும் அன்றைக்கு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. வாயைத் திறக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் டம்ளர் விழுந்த பிறகு என்னைப் பார்க்காமல் லீவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "கிளட்சத் தொறந்து பாக்கணும்மா. வண்டிக்குக் கோளாறா, அப்பாவுக்கா, எனக்குத் தெரியணும். எனக்கும் இப்ப அப்பா மாதிரியே வருது. ராத்திரி ரோட்டத் தாண்டும்போது லைட்டு வந்தா, அப்படியே நின்னுரலாம்னு கால் சொல்லுது. அப்பாட்ட இருந்து வந்ததுன்னா நான் என்ன செய்ய முடியும், சொல்லு." நான் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். ஆண்டவரே, கோளாறாக இருக்கட்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை, கிளட்ச் கோளாறாக இருக்கட்டும்.

ஸ்பிரிங்குகளைக் கழற்றுகிறேன். எல்லாம் ஒரே உயரம், ஒன்றும் ஒடியவில்லை. ஒன்று ஒடிந்திருக்கக் கூடாதா. அடுத்தது பிளேட்டுகள், எதிர்பார்த்த மாதிரியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன, தட்டையான ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினால் தோசைக்கல்லில் ஒட்டின தோசை மாதிரி சத்தத்தோடு பிரிகின்றன. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்க்கிறேன், வளைந்திருந்தால் ஆடும். ஆடவில்லை. ஒன்றுகூட ஆடவில்லை. கருகியிருக்கிறதா, இல்லை. பற்கள் தேய்ந்து படி விழுந்திருக்கிறதா, விரலால் தடவுகிறேன், வழவழவென்று இருக்கிறது, அவர் அரத்தால் ராவி விட்ட பளபளப்புகூட அப்படியே இருக்கிறது. கேபிள் அன்றைக்கே நன்றாக இருந்தது, போலீஸ்காரரே அழுத்திப் பார்த்தார். இவ்வளவு அக்கறையாக யார் இந்தக் கிளட்சை மாட்டச் சொன்னது. ஒரு ஸ்பிரிங்கையாவது மறந்து தொலைத்திருக்கலாம். கோபம் கோபமாக வருகிறது, நன்றாக வேலை செய்ததற்காகப் புருஷனைத் திட்டுகிற பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுகிறேனா, இல்லை, மண்ணெண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது, இல்லை, அழுகிறேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. குண்டு. குண்டு இருக்கிறதே. அதை எப்படி மறந்தேன்.

லீவரை அழுத்தினால் ஒரு கம்பி போய்த் தள்ளும், தள்ளினால் பிளேட்டுகள் பிரியும், எஞ்சின் தன்பாட்டுக்கு ஓட வண்டி சும்மா நிற்கும். அந்தக் கம்பி ரெண்டு துண்டு, ரெண்டுக்கும் நடுவில் ஒரு பால்ரஸ் குண்டு, சின்ன இரும்பு உருண்டை, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. அது இல்லையென்றால் கம்பி எட்டாது, கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் கிளட்ச் முழுசாக விடாது, கியரில் நிற்கிற வண்டி தானாக முன்னால் போகும். கழற்றும்போது குண்டு கீழே விழுந்து உருண்டால் அவ்வளவுதான், தேடியே பொழுது போய்விடும், அதனால் அவர் அதை எடுத்ததும் துடைத்துவிட்டு வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். இந்த வண்டி வைத்திருக்கிற ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான், ரெண்டு கையிலும் கிரீஸ், வேறு எங்கே வைப்பது. சீச்சீ, ஆயில் என்பேன், நாங்க பல்லு வேலைக்காரி புருஷன், எல்லாம் தாங்கும் என்பார். பெர்சிஸ் பால்வாடி போகிற காலத்தில் ஒரு தடவை குண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் மாட்டி, ஆயில் ஊற்றி, மூடியையும் மூடிவிட்டார். காப்பி குடிக்க உட்கார்ந்தவர் டம்ளருக்குள் டங் என்று துப்பினார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினார், முணுமுணுத்துக்கொண்டே. ஒரு தடவை மறந்தவர் இன்னொரு தடவை மறக்கமாட்டாரா. மில் மூடின கவலை, மனசு எங்கேயோ இருக்கிறது, மோதிரத்தையே மறந்தவர் குண்டை மறக்கமாட்டாரா. மறந்து விழுங்கியிருக்கலாம், துப்பியிருக்கலாம், வாஷ்பேசினில் போயிருக்கலாம். ஆமாம். ஆமாம், அதுதான், மோதிரமும் குண்டும் ஒரே மறதி. இத்தனை வருஷமாக ஆடின தராசு நின்றுவிட்ட மாதிரி இருந்தது. கம்பியின் குட்டைத் துண்டை உருவிக் கீழே வைத்தேன். அவருடைய பெட்டியில் ஒயர் நுனியில் கட்டின ஒரு காந்தத் துண்டு உண்டு, அதை எடுத்து ஓட்டைக்குள் மெல்ல விட்டேன். இல்லாமல் இருக்கட்டும், ஆண்டவரே, வெறும் ஓட்டையாக இருக்கட்டும்.

டிக் என்றது. அவ்வளவு சின்னச் சத்தம். ஒயரை இழுத்தால் நுனியில் குண்டு, மேலே கொஞ்சம் பழுப்பேறின கிரீஸ், அவர் வைத்த கிரீஸ், துடைத்தால் உள்ளே பளபளப்பு, அதில் வளைந்துபோன ஒரு போர்ட்டிகோ, வளைந்துபோன ஒரு பொம்பளை. மறக்கவில்லை. வாயிலிருந்து எடுத்து, துடைத்து, கிரீஸ் வைத்து, உள்ளே விட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை. பொறு ஹெப்சி, வண்டிக்குக் கோளாறு இல்லையென்றால் அவருக்குத்தான் என்று யார் சொன்னது. கையில் கிரீஸ் மிச்சம் இருந்து லீவர் வழுக்கியிருக்கலாம், லாரி தூரத்தில் வருகிறது, தாண்டிவிடலாம் என்று நினைத்திருக்கலாம், அப்படி நினைக்கிறவனும் நிதானமாகத்தானே போவான். நல்ல கிளட்ச் எதையும் சொல்லிவிடாது, கெட்ட கிளட்ச்தான் சொல்லியிருக்கும். எனக்கு இது போதும், இனி சாகிற வரைக்கும் சொதியையும் மோதிரத்தையும் சுமந்துகொண்டே நான் நடந்துவிடுவேன், பழகிவிட்டது. ஆனால் அவள்? அவள் காதில் இந்த 'இருக்கலாம்' எல்லாம் விழாது. குண்டு இருந்தது என்று மட்டும்தான் விழும். கால் சொல்லுது என்றாளே. சென்னையில் எத்தனை ரோடு, எத்தனை லைட்டு. ஏங்க, என்ன செய்ய, சொல்லுங்க, இதையாவது சொல்லுங்க. கேட் கிரீச்சிட்டது.

கை தானாகக் குண்டை என் வாயில் போட்டது. நாக்கு அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டது. கசப்பு, மண்ணெண்ணெய், இரும்பு, அதற்குக் கீழே வேறு ஏதோ, அது அவராக இருக்கும். பெர்சிஸ் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தொறந்துட்டியாம்மா? என்ன இருக்கு உள்ள?"

"பிளேட்டு, ஸ்பிரிங்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவள் முகத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "குண்டத்தான் காணோம்."

"எந்தக் குண்டு?"

"கம்பிக்கு நடுவுல ஒரு பால்ரஸ் குண்டு இருக்கணும்ட்டி. இல்ல. ஒங்கப்பா போடல. கழத்தும்போது வாயில ஒதுக்கி வைப்பாவ, திரும்பப் போட மறந்துட்டாவ. நீ சின்னப்பிள்ளையா இருக்கையில ஒரு தடவ இப்படித்தான் மறந்து காப்பி டம்ளருக்குள்ள துப்புனாவ."

"அது இல்லன்னா?"

"நிக்காது. லீவரப் பிடிச்சாலும் வண்டி தானாப் போவும்."

ஓட்டையைக் குனிந்து பார்த்தாள். விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். வெறும் ஓட்டை. நிமிர்ந்தபோது உதடு கோணிக்கொண்டு வந்தது. "அப்ப அப்பா பிடிச்சுக்கிட்டுதான் இருந்தாவளா?"

"சொதி வைக்கச் சொல்லிட்டுப் போனவுகட்டி. இஞ்சிப் பச்சடியும் கேட்டாவ. வாரதுக்குத்தான் போனாவ." இதில் சொதியும் பச்சடியும் மட்டும் நிஜம், அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதைச் சொன்னேன்.

"லூசு அப்பா," என்றாள். "லூசு, லூசு, ஒரு குண்டப் போடத் தெரியல." சிரிக்கிறாளா, அழுகிறாளா, ரெண்டும்தான், தரையில் அந்தக் கறை மேலேயே உட்கார்ந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். தலையைத் தடவிக்கொடுத்தேன், கையெல்லாம் ஆயில், அவள் முடியெல்லாம் ஆயில். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "ஏம்மா ஒரு மாதிரிப் பேசுத? வாய்க்குள்ள என்ன?" என்றாள்.

"பல்லு வலி."

"பல் டாக்டர்ட்ட வேல பாத்துக்கிட்டு ஒனக்குப் பல்லு வலியா," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே முகம் கழுவப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டதும் குண்டை உள்ளங்கையில் துப்பி, சேலைத் தலைப்பில் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப விட்டேன். குட்டைக் கம்பியை அதன் மேல் சொருகினேன். அவள் வந்தபோது, அப்பா டப்பாவுல ஒண்ணு கெடந்துச்சு, போட்டுட்டேன் என்றேன். அப்புறம் ரெண்டு பேருமாகத்தான் மாட்டினோம், அவள் கையை நீட்டினாள், நான் எடுத்துக் கொடுத்தேன், பிளேட், ஸ்பிரிங், பேக்கிங், மூடி. நட்டை அவள் இழுத்து இறுக்கப் போனபோது போதும் என்று கையைப் பிடித்தேன். பசிக்குதும்மா என்றாள் வேலைக்கு நடுவில். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. தேங்காய் உடைக்கணும், பயத்தம்பருப்பு ஊறப்போடணும் என்று மனசு பாட்டுக்கு ஓடியது, அன்றைக்குப் பிறகு இந்த வீட்டில் சொதி வைத்ததில்லை.

கிக்கரை உதைத்தாள். ரெண்டாவது உதைக்கே எஞ்சின் எடுத்துக்கொண்டது. "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருதேம்மா, வந்து சாப்பிடுதேன்." வந்துருதேன். அதே வாசல், அதே வண்டி, அதே சொல். எனக்கு யோசிக்க நேரம் இல்லை, ஆயில் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "நீ எதுக்கும்மா?" என்றாள். காத்தாட, என்றேன். தெருவைத் தாண்டினாள், மாதா கெபியைத் தாண்டினாள், இந்தப் பக்கம் திரும்புவாள் என்று பார்த்தால் திரும்பவில்லை, எங்கே போகிறாள் என்று தெரிந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, கன்னத்தில் இன்னும் குண்டு இருக்கிற மாதிரியே இருந்தது. பைபாஸ் வந்தது. இளநீர்க் கடை இப்போது இல்லை, பஞ்சர் கடை இருக்கிறது. நின்றாள். முதல் கியரில் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது பக்கத்திலிருந்து ஒரு லாரி, பின்னாலேயே இன்னொன்று. நான் அவள் இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டு அவள் தோள் வழியாக முன்சக்கரத்தையே பார்த்தேன். நகராதே. நகர்ந்துவிடு, ஒரு விரற்கடை நகர்ந்து அவரைக் காப்பாற்றிவிடு. நகராதே. எஞ்சின் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது, லாரிக் காற்று முகத்தில் அறைந்தது, சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பெர்சிஸ் திரும்பிப் பார்த்தாள், கண்ணெல்லாம் சிவந்து முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா, குண்டப் போட்டதும் எப்படி நிக்குது! ஒரு நூல்கூட நகரல!"

"ஆமாட்டி," என்றேன். "நல்லா நிக்குது."